இருபத்திரண்டு கண்ணி

ஜனவரி 4, வியாழன்

இது என் கை எழுதுவது. என் பெயர் சென்றாயன். வயது எழுபத்தொன்று.

இந்த மூன்று வரியை எழுதி முடிப்பதற்குள் பச்சியம்மா ஒரு முறம் அவரைக்காய் உரித்துவிட்டாள். அவள் என் மனைவி. "இன்னும் பேரையே எழுதிக்கினு இருக்கியா?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள்.

பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் நடக்கும் பெரியவர்கள் வகுப்பில் ஐந்து மாதமாகப் படிக்கிறேன். "தினமும் ஏதாவது எழுதுங்க. ஒரு வரின்னாலும் சரி. தேதி மட்டும் மறக்காதீங்க. தேதி போடலன்னா எப்ப எழுதினதுன்னு யாருக்குத் தெரியும்?" என்று டீச்சர் சொன்னார். அதனால் முதலில் தேதி போட்டேன்.

சர்வே ஆபீசில் முப்பத்தொரு வருடம் சங்கிலி பிடித்தேன். நிலம் அளக்கும் இரும்புச் சங்கிலி. அதில் நூறு கண்ணி இருக்கும். ஒரு கண்ணி ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. கல்லில் வெட்டியிருக்கும் என்பதால் எண்கள் எனக்கு அப்போதே தெரியும். எழுத்துதான் தெரியாது. சம்பளத்துக்கும் கைநாட்டுதான்.

இப்போது எழுத்து வந்துவிட்டது. எங்கே பார்த்தாலும் ஏதாவது எழுதியிருக்கிறது! உப்புப் பாக்கெட்டின் பின்பக்கம்கூட ஒரு பத்தி இருக்கிறது. இத்தனை வருடம் என்னைச் சுற்றி இவ்வளவு பேச்சு நடந்திருக்கிறது. நான் செவிடனாக நடுவில் நடந்து போயிருக்கிறேன்.

ஜனவரி 5, வெள்ளி

ஏன் படிக்க வந்தீர்கள் என்று டீச்சர் ஒவ்வொருவரையும் கேட்டார். பஸ் போர்டு படிக்க என்று மூன்று பேர் சொன்னார்கள். நான் "சும்மாதாங்க" என்றேன். என் பெஞ்சில் உட்காரும் கெங்கம்மா, "மனு எழுதறதுக்கு. என் கையால" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். "கல்லு நடந்த கதையா கெங்கம்மா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

கெங்கம்மாவுக்குக் குந்தாணிப் பாறை மலைக்குக் கீழே இரண்டு ஏக்கர் நிலம். அதன் கிழக்கு ஓரத்தில் கிணறு இருந்தது. முப்பத்தாறு வருடத்துக்கு முன்னால் அளந்தபோது கிணறு பக்கத்து நிலத்துக்குப் போய்விட்டது. "எல்லைக்கல்லு நடந்துபோச்சு" என்று அவளும் புருஷனும் எல்லோரிடமும் சொன்னார்கள். யாரும் நம்பவில்லை. புருஷன் செத்தும் போனார். அன்றிலிருந்து ஊரில் அவளுக்கு, கல்லு நடந்த கெங்கம்மா என்று பெயர்.

நான் சிரிக்கவில்லை. பென்சில் சீவினேன்.

ஜனவரி 8, திங்கள்

இன்று நடந்ததை எழுத இரண்டு பக்கம் வேண்டும்.

இரண்டு ஆட்டையும் ஓட்டிக்கொண்டு குந்தாணிப் பாறைக்குப் போனேன். உச்சியில் ஒரு ஆணும் பெண்ணும் கையில் போனை வைத்துக்கொண்டு, மூன்று அடி முன்னால், இரண்டு அடி பின்னால் என்று நடந்தார்கள். கல் இடுக்கில் கை விட்டார்கள். என்னைப் பார்த்ததும் அந்த ஆள் சட்டென்று குனிந்து செருப்புக் கயிறு கட்டுவதுபோல் காட்டினார். அவர் போட்டிருந்த செருப்பில் கயிறே இல்லை. அந்தப் பெண் வானத்தைப் பார்த்தாள்.

புதையல் திருடர்கள் என்று நினைத்தேன். அவர்கள் போன பிறகு நானும் இடுக்கில் கை விட்டேன். ஒரு பட்டைக் கல்லுக்குப் பின்னால் டப்பா இருந்தது. நாலு பக்கமும் கொக்கி போட்டு மூடுகிற பிளாஸ்டிக் டப்பா.

உள்ளே ஒரு நோட்டு, பென்சில், கோலிக்குண்டு, வெளிநாட்டுக் காசு ஒன்று, ரப்பர் பல்லி ஒன்று. பிறகு ஒரு தாள். மேலே இங்கிலீஷ், நடுவில் கன்னடம், கீழே தமிழ்.

பாறையில் உட்கார்ந்தேன். படித்தேன்.

"இந்தப் பெட்டி தொலைந்துபோனது அல்ல. வேண்டுமென்றே இங்கே வைக்கப்பட்டது. இதைத் தேடிக் கண்டுபிடிப்பது ஒரு விளையாட்டு. தற்செயலாகக் கண்டிருந்தாலும் மகிழ்ச்சி. நோட்டில் உங்கள் பெயரையும் தேதியையும் எழுதுங்கள். ஒரு பொருளை எடுத்தால் அதைவிட நல்லதாக ஒன்றை வையுங்கள். பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்."

ஆடு எங்கே போனதென்று பார்க்கவில்லை. என் வாழ்க்கையில் நான் படித்த முதல் கடிதம் இது. யாருக்கு என்று மேலே போடவில்லை. கண்டவர் யாரோ அவருக்கு. அப்படியென்றால் எனக்கு.

நோட்டில் 2011-லிருந்து பெயர்கள் இருந்தன. எத்தனையோ பாஷை. ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் யானை வரைந்திருந்தார். பென்சில் முனை ஒடிந்திருந்தது. கொடுவாளால் சீவி எழுதினேன். "சென்றாயன். ஆடு மேய்க்க வந்தவன். 8-1."

வகுப்புக்கு வெளியே நான் எழுதிய முதல் கையெழுத்து.

ஜனவரி 9, செவ்வாய்

பச்சியம்மாவிடம் சொன்னேன். "பேரையா எழுதிட்டு வந்த? நாளைக்கு எங்கனா திருட்டுப் போனா எழுதி வெச்சவனைத்தான் முதல்ல புடிப்பாங்க" என்றாள்.

தாளின் அடியில் ஒரு போன் நம்பர் இருந்தது. கூப்பிட்டேன். ஒரு அம்மா எடுத்தார். பெயர் வத்சலா. பெங்களூரில் இருக்கிறார். அவர்தான் பெட்டி வைத்தவர். நான் படித்ததைச் சொன்னதும், "அந்தத் தமிழ்ப் பத்தியை ஒருத்தர் படிச்சேன்னு சொல்றது இதான் முதல் தடவை ஐயா!" என்றார். பொங்கல் கழித்து வருகிறாராம்.

ஜனவரி 15, திங்கள்

கோலத்துக்குப் பக்கத்தில் சுண்ணாம்பால் "பொங்கலோ பொங்கல்" என்று எழுதினேன். பச்சியம்மா பார்த்துவிட்டுக் கோணலாக இருக்கிறது என்றாள். அவளுக்கு எழுத்து தெரியாது. கோணல் தெரிகிறது.

ஜனவரி 21, ஞாயிறு

வத்சலா அம்மா வந்தார். டெலிபோன் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். தலையில் தொப்பி, கையில் ஊன்றுகோல். பையைத் திறந்து காட்டினார். காலி டப்பா, குட்டை குட்டையாகப் பென்சில், ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்கள், ஒட்டும் டேப்பு, இடுக்கில் விழுந்ததை எடுக்க ஒரு இடுக்கி. டாக்டர் பை மாதிரி இருந்தது.

பாறை உச்சியில் போனை என் கையில் கொடுத்தார். "பாருங்க ஐயா. நீங்க நிக்கிற எடத்தோட நம்பர்."

வடக்கு பன்னிரண்டு, கிழக்கு எழுபத்தெட்டு. அதற்குப் பின் இன்னும் பல எண்கள். நான் நாலு எட்டு வைத்தேன். கடைசி எண் மாறியது. திரும்பி வந்தேன். பழைய எண் வந்தது.

"இது எத்தனை கல்லு நட்டு அளந்ததும்மா?"

"கல்லே இல்லீங்க. மேல முப்பது சாட்டிலைட் சுத்திக்கிட்டே இருக்கு. அங்கிருந்து அளக்குது."

நான் மேலே பார்த்தேன். பகல் வெளிச்சம்தான் இருந்தது. ஆனால் இனிமேல் அது வெறும் வானம் இல்லை. அங்கே ஒருவர் சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மறுமுனை என் கையில் இருக்கிறது. நான் ஆட்டுக்குப் புல் அறுக்கிற இடத்துக்கும், அமெரிக்காவில் ஒருவன் படுத்துத் தூங்குகிற இடத்துக்கும் தனித்தனி எண். வயலை அளந்து வரைகிற புலப்படத்தைப் பூமி முழுவதற்கும் ஒன்றாகப் போட்டுவிட்டார்கள்.

"ஒரு பத்தடி முன்னே பின்னே காட்டும். அதுக்கப்புறம் நாமதான் தேடணும்" என்றார்.

"அவ்ளோ உசரத்துல இருந்து பாத்தும் பத்தடி தப்பா? எங்க சர்வேயரு ஒரு கண்ணி தப்பினா என்னைத் திட்டுவாரும்மா."

அவர் சிரித்துச் சிரித்து ஊன்றுகோலைக் கீழே போட்டுவிட்டார்.

இப்படி முப்பது லட்சத்துக்கும் மேல் பெட்டிகள் உலகத்தில் இருக்கின்றனவாம். பனியில், பாலத்துக்கு அடியில், கடலுக்குள்கூட. பெட்டிக்குப் பெட்டி பயணம் போகிற தகட்டு வில்லை ஒன்றையும் காட்டினார். அதில் ஒரு எண். போர்ச்சுகலில் யாரோ அனுப்பியது. கை மாறிக் கை மாறி இங்கே வந்திருக்கிறது. அதை நான் தொட்டேன். பிறகு அதைப் பெட்டிக்குள் போட்டார்.

"ஐயா, மாசம் ஒருவாட்டி பெட்டியைப் பாத்துக்குவீங்களா? ஈரம் ஏறிச்சா, பென்சில் இருக்கான்னு. ரெண்டே விஷயம்தான். உள்ள விளம்பரம் எதுவும் வரக் கூடாது. இன்னொரு ஊர்ல ஒரு டீத்தூள் கம்பெனி நோட்டீஸ் போட்டாங்க, விளையாட்டு நடத்துறவங்க அத்தனை பெட்டியையும் மூடிட்டாங்க."

"கம்பெனின்னாலே ஆகாதாம்மா?"

"அப்படி இல்ல. பெரிய கம்பெனிங்க அவங்ககிட்ட முறையா பேசி, தனியா பெட்டி வைக்கிறதும் உண்டு. ஆனா இது எதையும் விக்காத எடம். அப்படி எடம் இப்ப எத்தனை இருக்கு, சொல்லுங்க?"

"ரெண்டாவது என்னாம்மா?"

"நகத்தக் கூடாது. யாரு சொன்னாலும்."

"சங்கிலி புடிச்சவங்கிட்டயா சொல்றீங்க? கல்லை எவனாவது நகத்துவானா?" என்றேன்.

கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. ஆடு திரும்பிப் பார்த்தது.

ஜனவரி 22, திங்கள்

சங்கிலியில் பத்துக் கண்ணிக்கு ஒரு பித்தளை வில்லை தொங்கும். எண்ணுவதற்கு. ஓய்வு பெற்ற அன்று பழைய சங்கிலியிலிருந்து ஒன்றைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். புளி போட்டுத் தேய்த்துப் பெட்டியில் வைத்தேன். பதிலுக்கு ஒன்றும் எடுக்கவில்லை. தகட்டு வில்லையை இன்னொரு முறை தொட்டுப் பார்த்தேன்.

பிப்ரவரி 2, வெள்ளி

மலையடிவாரத்தில் புதிதாக ஒரு ரிசார்ட் வந்திருக்கிறது. மேனேஜர் பிரதாப் என்னைக் கூப்பிட்டு நாற்காலி போட்டுக் காப்பி கொடுத்தார். போனை வைத்துக்கொண்டு மலை ஏறுகிறவர்கள் எல்லாம் அவர் கேட்டைத் தாண்டித்தான் போகிறார்கள், ஒருவரும் உள்ளே வருவதில்லை என்றார்.

"உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமாமே ஐயா. எங்களோட சேர்ந்துக்குங்க. வர்றவங்களுக்கு வழி காட்டுங்க. உங்களுக்கு யூனிபார்ம் குடுக்கறோம்."

இந்த வயதில் யார் என்னை வேலைக்குக் கூப்பிடுவார்கள்?

பிப்ரவரி 6, செவ்வாய்

நீலச் சட்டை. மார்பில் வெள்ளை எழுத்தில் "சென்றாயன்" என்று அச்சடித்திருக்கிறது!

குனிந்து படித்தால் தலைகீழாகத் தெரிகிறது. கண்ணாடியில் பார்த்தால் இடம் வலமாக மாறிவிடுகிறது. அதனால் கழற்றி மடியில் வைத்துப் படித்தேன். நாலு தரம் படித்தேன். பச்சியம்மா, "சட்டைக்குப் பேரு வெச்சிருக்காங்களா, உனக்கு வெச்சிருக்காங்களா?" என்று கேட்டாள்.

பிப்ரவரி 9, வெள்ளி

பிரதாப் ஒரு கட்டுத் துண்டுச்சீட்டு கொடுத்தார். ரிசார்ட்டின் படம், பெயர், வந்து தங்கினால் சலுகை. பெட்டியில் பத்துப் போட்டேன். காகிதம்தானே. பெட்டிக்குள் ஏற்கெனவே காகிதம் இருக்கிறது.

பிப்ரவரி 10, சனி

பெட்டியையே ரிசார்ட் தோட்டத்தில், ஊஞ்சலுக்குக் கீழே வைத்தால் என்ன என்று பிரதாப் கேட்கிறார். "வயசானவங்க மலை ஏற வேணாமே ஐயா. முந்நூறு மீட்டர்தான். அந்த மேடத்துகிட்ட நான் பேசிக்கறேன்."

முந்நூறு மீட்டர் என்றால் ஆயிரத்து ஐந்நூறு கண்ணி.

பிப்ரவரி 12, திங்கள்

ஆடு மேய்த்தேன். வேறொன்றும் இல்லை.

பிப்ரவரி 18, ஞாயிறு

சேலத்திலிருந்து ஒரு அம்மாவும் அவர் வீட்டுக்காரரும் வந்தார்கள். அந்த அம்மாவுக்கு முட்டியில் பட்டை கட்டியிருந்தது. உட்கார்ந்து உட்கார்ந்து மலை ஏறினார். நான் ஆட்டோடு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தேன். நீலச் சட்டை போட்டுக்கொள்ளவில்லை.

அவர் பட்டைக் கல்லை நகர்த்தி இடுக்கில் கை விட்டார். ஒன்றும் இல்லை. சுற்றிச் சுற்றி வந்து மறுபடி அதே இடுக்கில் கை விட்டார். நாலு முறை. வெயில் ஏறிவிட்டது.

"ஐயா, இந்தப் பக்கம் ஒரு டப்பா பாத்தீங்களா? இது எனக்கு நூறாவது. உங்க மலையிலதான் நூறாவதுன்னு ஆசையா வெச்சிருந்தேன்."

"தெரியலைங்களே."

வீட்டுக்காரர் கை பிடித்து இறக்கினார். போகும்போது அந்த அம்மா, "அங்கதான் இருக்கும். எனக்குத்தான் கண்ணு தெரியல போல" என்றார்.

அவர் கண்ணில் ஒரு குறையும் இல்லை. பெட்டி அங்கே இல்லை. போன திங்கட்கிழமை நான்தான் எடுத்துப் போய் ஊஞ்சலுக்குக் கீழே வைத்தேன். இந்த ஒரு வரியை எழுத எனக்கு ஆறு நாள் ஆகியிருக்கிறது.

பிப்ரவரி 20, செவ்வாய்

வகுப்பில் கெங்கம்மா மனு எழுத ஆரம்பித்துவிட்டாள். என் பக்கம் நோட்டைத் தள்ளினாள்.

"சென்றாயண்ணா, நீ சங்கிலி புடிச்ச ஆளு. இருபத்திரண்டு கண்ணின்னு எழுதினா ஆபீசுல புரியுமா, மீட்டர்ல எழுதணுமா?"

"இருபத்திரண்டுன்னு யாரு சொன்னாங்க?"

"எங்க வூட்டுக்காரருதான். கயிறு வெச்சு அளந்தாரு. இருபத்திரண்டு கண்ணி கல்லு மேற்க நடந்திருக்குதுன்னாரு. சிரிச்சாங்க."

"நாலு புள்ளி நாலு மீட்டர்னு எழுது" என்றேன்.

"உம்மேல எனக்கு ஒண்ணும் இல்லண்ணா. சர்வேயரு புடின்னாரு, நீ புடிச்ச. உனக்கும் அப்ப எழுத்து தெரியாது, எங்களுக்கும் தெரியாது."

அவள் புருஷன் அளந்தது சரி. ஒரு கண்ணிகூடத் தப்பவில்லை.

கல்லுக்குக் கால் கிடையாது. 1988-ல் மாரியம்மன் திருவிழா அன்று ஊரே கோயிலில் இருந்தது. பட்டப்பகல். சர்வேயர் சொன்னார். கடப்பாரையால் கல்லைப் பிடுங்கி இருபத்திரண்டு கண்ணி தள்ளி நட்டவன் நான். சுற்றிலும் காய்ந்த மண்ணைத் தூவி மிதித்தேன். மறு வாரம் அந்தக் கல்லிலிருந்து அளந்தோம். அளவு சரி என்ற தாளில் சாட்சிக்கு என் கட்டைவிரல்.

அந்த மாதம் என் வேலை நிரந்தரமானது.

கை வலிக்கிறது. இன்று இவ்வளவுதான்.

பிப்ரவரி 23, வெள்ளி

வத்சலா அம்மா போன் செய்தார். சேலத்து அம்மா, பெட்டி கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறாராம். பிரதாப், "எங்கள் தோட்டத்தில் புதையல்" என்று போனில் விளம்பரம் போட்டிருக்கிறாராம். விளையாட்டு நடத்துகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டார்கள். முப்பது நாளில் சரி செய்யாவிட்டால் பெட்டியைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுவார்கள். பிறகு அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு யாரும் இந்த மலைக்கு வர மாட்டார்கள்.

"யாரோ விவரம் தெரியாதவங்க எடுத்துட்டாங்க போல. நீங்க இருக்கீங்கன்னுதான் ஐயா நான் தைரியமா இருக்கேன். ஞாயித்துக்கிழமை வர்றேன்."

பிப்ரவரி 25, ஞாயிறு

அவர் இடுக்கில் கை விட்டார். எடுத்தார். மறுபடி விட்டார். சேலத்து அம்மா செய்தது மாதிரியே.

"யாரு எடுத்திருப்பாங்க?" என்றார்.

பேசாமல் இருந்திருக்கலாம். முன்பு அப்படித்தான் இருந்தேன்.

"நாந்தாம்மா" என்றேன். "பேரு போட்ட சட்டை குடுத்தாங்க."

அவர் ஊன்றுகோலை வைத்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு, "வாங்க. போய் எடுத்துட்டு வரலாம்" என்றார்.

ஊஞ்சலுக்குக் கீழே பெட்டியில் சீட்டு நிரம்பியிருந்தது. நோட்டு அடியில் நசுங்கிக் கிடந்தது. பிரதாப் ஓடி வந்தார். "ஐயா, நீங்கதானே ஒத்துக்கிட்டீங்க!"

"ஆமாங்க. நாந்தான் ஒத்துக்கிட்டேன். அதான் நானே எடுத்துக்கறேன்."

"நாலு பேரு வந்தா உங்க ஊருக்கும் நல்லதுதானே?"

வத்சலா அம்மா கோபப்படவில்லை. "நல்லதுதாங்க. முறையா கேட்டு, தனியா ஒண்ணு வைங்க. எப்படின்னு நானே சொல்லித் தர்றேன். இதை விட்டுடுங்க" என்றார். பிரதாப் தலையைச் சொறிந்தார். சீட்டுகளை எண்ணிக்கூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலை ஏறினோம். போன் என் கையில். ஏற ஏற எண்கள் ஒவ்வொன்றாகத் தங்கள் பழைய இடத்துக்கு வந்தன. கடைசி எண்ணும் வந்து நின்றபோது என் கால் பட்டைக் கல்லில் இடித்தது. என் பித்தளை வில்லையும் உள்ளே பத்திரமாக இருந்தது.

நோட்டில் எழுதினேன். "இந்தப் பெட்டியை நகர்த்தியது நான். விளம்பரம் போட்டதும் நான். இன்று எடுத்து வந்து பழைய இடத்தில் வைத்தேன். சென்றாயன். 25-2." வத்சலா அம்மா அதைப் போட்டோ எடுத்தார்.

இறங்கும்போது, "இன்னொரு எடம் வரைக்கும் வர்றீங்களாம்மா?" என்று கேட்டேன். கெங்கம்மா நிலத்துக்குக் கூட்டிப் போனேன். இப்போது கல் நிற்கிற இடத்திலிருந்து கிழக்கே இருபத்திரண்டு கண்ணி நடந்தேன். சங்கிலி வேண்டாம். என் காலுக்குத் தெரியும். அங்கே கொள்ளுத் தட்டை காய்ந்து கிடந்தது.

"இங்க என்னா நம்பர்னு பாத்து எழுதிக் குடுங்கம்மா."

"இங்க என்ன ஐயா இருக்கு?"

"ஒண்ணும் இல்லம்மா. இருந்துச்சு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். வேறொன்றும் கேட்காமல் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். "பத்தடி தப்பு வரலாம் ஐயா." "வரட்டும்மா. பக்கத்துல வந்துட்டா மிச்சத்தை நான் காட்டறேன்."

பிப்ரவரி 26, திங்கள்

நீலச் சட்டையைப் பச்சியம்மா துவைத்துக் கொடுத்தாள். ரிசார்ட்டுக்குக் கொண்டுபோனேன். "உங்க பேரு போட்ட சட்டையை நான் யாருக்கு ஐயா குடுக்கறது?" என்று பிரதாப் திருப்பிக் கொடுத்துவிட்டார். நியாயம்தான். இப்போது பச்சியம்மா என் பெயரைப் பிடித்துத்தான் களிச் சட்டியை இறக்குகிறாள்.

மார்ச் 3, ஞாயிறு

பெட்டி பிழைத்தது! நான் எழுதியதைப் பார்த்து, விளையாட்டு நடத்துகிறவர்கள் சரி என்று சொல்லிவிட்டார்கள். பிரதாப்பும் விளம்பரத்தை எடுத்துவிட்டார். சேலத்து அம்மா அடுத்த மாதம் மறுபடி வருகிறாராம். என் கண்ணு நல்லாத்தான் இருக்குது என்று எழுதியிருக்கிறாராம்.

என் கையெழுத்துப் போட்டோவை எங்கெங்கிருந்தோ பார்த்திருக்கிறார்கள். போர்ச்சுகல்காரர் ஒருவர், "இது எந்த பாஷை? அடுக்கி வைத்த பானைகள் மாதிரி அழகாக இருக்கிறது" என்று எழுதியதை வத்சலா அம்மா போனில் படித்துக் காட்டினார். குந்தாணிப் பாறையில் உட்கார்ந்து நான் எழுதியதை, கடலுக்கு அந்தப் பக்கம் ஒருவர் கண்ணால் தடவிப் பார்த்திருக்கிறார்.

நாலு வரிதான் எழுதினேன். அதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது.

மார்ச் 5, செவ்வாய்

கெங்கம்மாவுக்கு எழுதினேன். கிழித்தேன்.

மார்ச் 6, புதன்

கிழித்தேன். சர்வேயரைப் பற்றியே அரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். கடப்பாரை அவர் கையில் இல்லையே.

மார்ச் 8, வெள்ளி

பச்சியம்மாவிடம் சொன்னேன். முப்பத்தாறு வருடத்தில் முதல் தடவை. அவள் புளி கோதுவதை நிறுத்தவில்லை.

"பென்சன நிறுத்திட்டாங்கன்னா?"

"ஆடு இருக்குது."

"ரெண்டு ஆடு" என்றாள். அடுத்த புளியை எடுத்துக்கொண்டு, "அவளுந்தான் அந்தக் கிணறு இல்லாமத்தானே இத்தினி வருஷம் இருந்தா" என்றாள்.

மார்ச் 10, ஞாயிறு

காலையில் கெங்கம்மா வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தாள். வாயால் சொல்ல முடியாது என்று தெரியும். அதனால் தாளை நீட்டினேன்.

"இன்னாண்ணா, மனுவுக்கு அளவா?" என்று முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். விரலை வைத்துச் சத்தமாகப் படித்தாள். எங்கள் வகுப்பில் எல்லோரும் அப்படித்தான் படிப்போம்.

"கெங்... கம்மா... நிலத்... தின்... எல்... லைக்... கல்... கல்லை..."

நிறுத்தினாள். மூச்சு விட்டாள்.

"நகர்த்... தி... நகர்த்தியது... நான்."

விரல் அங்கேயே நின்றது. இன்னும் ஆறு வரி இருந்தது. வேகமாகப் படிக்கத் தெரிந்தவளாக இருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். அவள் ஒரு எழுத்தையும் விடவில்லை. திருவிழா. கடப்பாரை. இருபத்திரண்டு கண்ணி. அவள் புருஷனின் பெயரையும் எழுதியிருந்தேன். "அவர் அளந்தது சரி" என்ற இடம் வந்தபோது அதை மட்டும் இரண்டு தரம் படித்தாள். கடைசியில் வத்சலா அம்மா கொடுத்த எண். அதையும் ஒவ்வொன்றாகப் படித்தாள். பிறகு மேலே போய் முதல் எழுத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

முடித்ததும் என்னைப் பார்க்கவில்லை. தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இதுல தேதி போடல."

அண்ணா என்று சொல்லவில்லை.

உள்ளே போய்ப் பென்சிலுக்குப் பதில் பேனா கொண்டு வந்து கொடுத்தாள். தேதி போட்டேன். "நாளைக்கு முதல் பஸ்சு" என்றாள். புளி தட்ட உட்கார்ந்துவிட்டாள்.

மார்ச் 11, திங்கள்

முதல் பஸ்ஸில் அவள் முன்னால் உட்கார்ந்தாள், நான் பின்னால்.

தாலுகா ஆபீசில் மனு வாங்குகிற பெண் அவள் எழுதியதைப் படித்தார். என் தாளைப் படித்தார். என்னைப் பார்த்தார். அவருக்கு முப்பது வயது இருக்கும். கல் நகர்ந்தபோது பிறந்தே இருக்க மாட்டார்.

"பெரியவரே, இது என்னன்னு புரிஞ்சுதான் குடுக்கறீங்களா? உங்களுக்கே பிரச்சனை வரும்."

"வரட்டும்ங்க. பழைய புலப்படத்தை எடுத்துப் பாருங்க. அளவு அதுல மாறலை. கல்லுதான் மாறிச்சு. வந்து அளந்தா எடம் நான் காட்டறேன்."

அவர் தாளைத் திருப்பி என் பக்கம் வைத்தார். தம் எதிரில் ஒப்பம் வைக்க வேண்டும் என்றார். என் நரையையும் கையையும் பார்த்துவிட்டு மைப்பெட்டியைத் திறந்து தள்ளினார். அதே ஊதா மை. என் கட்டைவிரல் தானாகவே எழுந்தது.

கெங்கம்மா கையை நீட்டி மைப்பெட்டியை மூடினாள். திருப்பித் தள்ளினாள்.

"அவரு எழுதுவாரு" என்றாள்.

எழுதினேன். என் பின்னால் ஏழு பேர் வரிசையில் நின்றார்கள். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. பெயர் முடிந்ததும், யாரும் சொல்லாமலே, கீழே தேதியும் போட்டேன்.